ஒன்பது பேருக்கும் ஒரே காது

அத்தியாயம் 17

"பேட்டரிதான்டா. வேற ஒண்ணும் இல்லை."

அப்பா தேநீர்க் கோப்பையை மேஜைமேல் வைத்தார். மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் இந்த முப்பத்தெட்டு நாளாகக் காலையில் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு இதுதான்.

"மாத்துங்க, மாத்துங்கன்னு உங்கம்மா சொல்லிட்டே இருந்தா. நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். மணி அடிச்சிருந்தா எந்திரிச்சிருப்பா. அவளுக்குக் கோழித் தூக்கம்தானே?"

பெரியவன் ரொட்டியைப் பிய்த்தான். பிய்த்ததை அப்படியே தட்டில் வைத்தான். மகன் என்றால் அவரை மறுத்துப் பேச வேண்டும், அல்லது தேற்ற வேண்டும். அவனால் இரண்டுமே முடியவில்லை.

நடந்ததை மறுபடி முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மத்தியான வேளை. அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த ஒயர் கருகி, புகை வீடெங்கும் பரவியது. தீயணைப்பு வீரர்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் தலைக்கு மேலே சுவரில் இருந்தது ஒரு புகைமணி. பெரியவனின் கம்பெனி செய்தது. அவனே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டியது.

அந்த மணி அடித்தது என்பதுதான் அப்பாவுக்குத் தெரியாத விஷயம்.

தீயணைப்புத் துறை அறிக்கையின் நாலாவது வரியில் அது இருந்தது. கருவியின் நினைவகத்தைத் திறந்து பார்த்தபோது கணக்கும் கிடைத்தது. பதினாலு நிமிடம். பதினாலு நிமிடம் விடாமல் கத்தியிருக்கிறது. அம்மா கண் விழிக்கவில்லை. பெரியவனுக்கு இது தெரிந்து இருபது நாளாகிறது.

போன வாரம் தங்கை சின்னவள், ஒரு கடிதக் கட்டைக் கொண்டுவந்து அவன் மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாளே, அதற்குக் காரணமும் இதுதான்.

வாசலில் மனைவி பையை நீட்டினாள்.

"இன்னிக்காவது சொல்லிடுங்க. பாவம், செய்யாத தப்பைச் சுமந்துக்கிட்டுத் திரியறார் மனுஷன்."

"சொல்றேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

*

நிர்வாகக் குழுவின் அறையில் நீள்வட்ட மேஜை ஒன்று, நாற்காலிகள் ஒன்பது. அந்த ஒன்பது பேரும் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே விடுதியின் மூன்றாம் மாடியில் நாலு வருஷம் கிடந்தவர்கள். வேலை தேடிப் போகாமல், வாடகைக்கு ஒரு கொட்டகையைப் பிடித்து இந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒருவன்கூட விலகவில்லை. ஒருவன் பேச்சை ஆரம்பித்தால் இன்னொருவன் முடிப்பான். "அதுதான் எங்க பலம்" என்று பெரியவன் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறான். கை தட்டலும் வாங்கியிருக்கிறான்.

கெட்டவர்கள் என்று அவர்களில் ஒருவரையும் சொல்ல முடியாது. அம்மாவின் உடலைத் தூக்கியபோது நாலு பக்கமும் தோள் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

இன்று அறைக்குள் பத்தாவதாக ஒருத்தி வந்தாள். சின்னவள், குறைதீர்ப்புப் பிரிவின் தலைவி. வாடிக்கையாளர் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் அவளிடம்தான் வந்து சேரும். இந்த மேஜையில் அவளுக்கு இடம் கிடையாது. மூலையில் சாய்த்து வைத்திருந்த மடக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வா தங்கச்சி" என்றான் விற்பனையைப் பார்க்கும் நண்பன். எந்தக் கூட்டத்திலும் முதலில் பேசுவதால் அவனுக்கு அந்தக் காலத்திலிருந்தே மைக் என்று பெயர்.

"இந்த ரூமுக்குள்ள நான் தங்கச்சி இல்லை. குறைதீர்ப்புப் பிரிவு."

மைக் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

வடிவமைப்பைப் பார்ப்பவன் சுருள். தலைமுடியால் வந்த பெயர். முடி போய்விட்டது, பெயர் நிற்கிறது. அவன் எழுந்து, ஒரு தாளைப் பார்த்து மெல்லப் படித்தான்.

"கருவியில குறை ஒண்ணும் இல்லை. புகை தெரிஞ்ச எட்டாவது செகண்ட் அடிக்க ஆரம்பிச்சிருக்கு. சத்தத்தோட அளவும் சரி." கொஞ்சம் நிறுத்தினான். "நூத்துக்கு நூறு வேலை செஞ்சிருக்கு."

அந்த நூற்றுக்கு நூறைச் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், வாரம் தவறாமல் பெரியவன் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டவன் அவன்.

சின்னவள் கடிதக் கட்டைப் பிரித்தாள்.

"மொத்தம் நாப்பத்தாறு கடிதம். மூணு வருஷத்துல வந்தது. 'அம்மாவுக்குக் கேக்கலை', 'தாத்தா எந்திரிக்கலை', 'எதிர்வீட்டுக்காரங்க ஓடி வந்துதான் எங்களுக்கே தெரிஞ்சது'. எழுதினவங்க எல்லாரும் வயசானவங்க, இல்லைன்னா அவங்க பிள்ளைங்க. இவங்க வீட்டுல எல்லாம் உயிர் தப்பிச்சுது. அதனால அது குறைன்னு யாருக்கும் தோணலை."

"இது போன தடவையே பேசினதுதானே?" என்றான் மைக்.

"பேசலை. சிரிச்சீங்க."

சின்னவள் மேல் கடிதத்தை எடுத்து மேஜையில் விரித்து வைத்தாள்.

"வயசாகும்போது காது முதல்ல விடறது கீச்சுச் சத்தத்தைத்தான். நம்ம மணி கீச்சுன்னு அடிக்குது. கட்டைக் குரல்ல அடிச்சா அவங்களுக்குக் கேக்கும். அதுக்குப் பெரிய ஸ்பீக்கர் வேணும், பெட்டி பருத்துடும். சீட்டுக்கட்டு மாதிரி மெல்லிசா இருக்கறதுதான் நம்ம பெருமைன்னு அன்னிக்கு என்னைத் திருப்பி அனுப்பிட்டீங்க."

"நாங்க என்ன, சோதிக்காமலா வித்தோம்?" மைக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஒன்பது பேர் வீட்டுலயும் ஒரு மாசம் மாட்டி வெச்சுப் பார்த்தோம். சொல்லாம கொள்ளாம அடிக்க விட்டோம். ஒன்பது பேரும் அலறி அடிச்சு எந்திரிச்சோம்!"

"எந்திரிச்சிருப்பீங்க. ஒன்பது பேரும் ஆம்பளைங்க. ஒன்பது பேருக்கும் அப்ப முப்பத்தஞ்சு வயசு. ஆளுதான் ஒன்பது, காது ஒண்ணுதான். அந்த மேஜையில ஒரு அறுபது வயசுக்காரர் இருந்திருந்தா, காதுல மிஷின் வெச்சிருக்கற ஒருத்தர் இருந்திருந்தா, படுத்த படுக்கையா கிடக்கற அம்மாவை ராப்பகலாப் பார்த்துக்கற ஒரு பொம்பளை இருந்திருந்தா, முதல் நாளே கேட்டிருப்பாங்க, 'எங்க வீட்டுல யாருக்கு இது கேக்கும்?'னு."



மைக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எல்லாம் சரிம்மா. ஆனா உங்கம்மா விஷயம் அது இல்லையே. அவங்களுக்குக் காது நல்லாத்தானே கேட்டுது? நான் எப்ப வந்தாலும் என் முகத்தைப் பார்த்து எவ்வளவு கலகலன்னு பேசுவாங்க! புகையில முதல்லயே மயங்கியிருப்பாங்க. அதுக்கு மணி என்ன பண்ணும்?"

பெரியவன் தங்கையைப் பார்த்தான். அவள் தலை குனிந்திருந்தாள்.

"அம்மாவுக்கு நல்லாத்தான் கேட்டுது" என்றாள் மெதுவாக. "எனக்கும் அப்படித்தான் தெரியும். நான் அம்மாவுக்காக மட்டும் வரலை. இந்த நாப்பத்தாறு பேருக்காகவும் வந்திருக்கேன். வித்த மணி எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டு, வேற மணி கொடுக்கணும்."

பெரியவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் நேற்றே யோசித்து வைத்திருந்த ஒன்று இருந்தது.

"இன்னிலேர்ந்து நீயும் இந்தக் குழுவுல ஒருத்தியா இரு. பத்தாவது நாற்காலி போடச் சொல்லிட்டேன்."

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை.

"அம்மா போனதுக்கு ஆறுதலா?"

"அப்படி இல்லை..."

"எனக்கு மட்டும் ஒரு நாற்காலி வேண்டாம் அண்ணா. ஒன்பது பேருக்கு நடுவுல ஒத்தை ஆளா உட்கார்ந்தா, ஆறு மாசத்துல நானும் உங்க ஜோக்குக்குச் சிரிக்கப் பழகிடுவேன். உங்க குட்டையிலயே என்னையும் ஊறப் போட்டுடுவீங்க. உங்கள்ல நாலு பேர் எந்திரிங்க. அந்த நாலு இடத்துல உங்களை மாதிரி இல்லாத நாலு பேரை உட்கார வைங்க. அசெம்பிளி லைன் மேற்பார்வையாளர் அம்மா பதினஞ்சு வருஷமா நம்ம மணியைக் கோக்கறாங்க. அவங்களை என்னிக்காவது இந்த ரூமுக்குள்ள கூப்பிட்டிருக்கீங்களா?"

எழுந்து நிற்கச் சொன்னால் யார் எழுவார்கள்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மணிகளைத் திரும்ப வாங்குவதா என்று பெரியவன் கை தூக்கச் சொன்னான். வேண்டும் என்று நாலு கை. முதலில் எழுந்தது சுருளின் கை. வேண்டாம் என்று நாலு கை. பதினெட்டு வருஷத்தில் அந்த மேஜை இரண்டாகப் பிரிந்தது அன்றுதான். எல்லாரும் ஒன்பதாவது கைக்காகக் காத்திருந்தார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்குச் சொல்றேன்" என்று பெரியவன் எழுந்துவிட்டான்.

வாசலில் மைக் ஒரு தாளை நீட்டினான். "பத்திரிகைக்கு ஒரு அறிக்கை கொடுத்தாகணும். ஆளாளுக்கு என்னென்னமோ எழுதறாங்க. எழுதி வெச்சிருக்கேன், ஒரு பார்வை பாரு."

"அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவன் படியிறங்கினான்.

*

மாடிப்படித் திருப்பத்தில் சின்னவள் நின்றிருந்தாள். கடிதக் கட்டை மார்போடு அணைத்திருந்தாள்.

"அன்னிக்கு மைக் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றான் பெரியவன். "அவன் சார்புல நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"என்னிக்கு?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. நீ முதல்ல இந்தக் கடிதங்களை எடுத்துட்டு வந்தப்ப. 'அப்ப ஒவ்வொரு மணியோடயும் எழுப்பி விட ஒரு ஆளையும் சேர்த்து விக்கணும் போல'ன்னானே."



"அதைச் சொன்னது மைக் இல்லைண்ணா. நீ."

அவன் மறுக்க வாயெடுத்தான். அதற்குள் அந்த நாள் முழுசாக நினைவுக்கு வந்தது. தன் குரல், மேஜையைச் சுற்றி எழுந்த சிரிப்பு, எல்லாரும் சிரித்ததில் தனக்கு உண்டான சின்ன சந்தோஷம். கதவருகே கடிதங்களோடு நின்ற தங்கை.

"நான் சண்டைக்குச் சொல்லலை" என்றாள் அவள். "எனக்கும்தான் குத்தம் இருக்கு. ஊர்ல இருக்கற வயசானவங்க காதைப் பத்தியெல்லாம் எழுதினேன். பெத்த அம்மாவைப் போய்ப் பார்க்க எனக்கு நேரமில்லை. அம்மாவும் என்கூட போன்ல பேசறதையே விட்டுட்டாங்க. எப்பப் போட்டாலும் 'அப்பாகிட்ட கொடுக்கறேன்'னு ஒரே வார்த்தை. நான் தனியா வீடு எடுத்துப் போனதுல அவ்வளவு கோபம். அந்தக் கோபத்தோடயே போயிட்டாங்க."

அவன் அவள் தோளைத் தொடக் கையை நீட்டினான். அவள் அதற்குள் இரண்டு படி இறங்கிவிட்டாள்.

*

வெயில் தாழும் நேரத்துக்குப் பெரியவன் வீட்டுக்கு வந்தான். அப்பா பால்கனியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் போய் உட்கார்ந்தான். யோசித்தால் இன்றும் தள்ளிப்போகும் என்று பயந்து, போட்டு உடைத்தான்.

"அப்பா, பேட்டரி தீரலை. மணி அடிச்சுது."

அப்பாவின் கை நின்றது.

"நல்லாவே அடிச்சுது. பதினாலு நிமிஷம். எனக்கு இருபது நாளா தெரியும்."

அழுவார் என்று எதிர்பார்த்தான். அறைவார் என்றுகூட எதிர்பார்த்தான். அப்பா துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"இருபது நாளும் என் எதிர்லதான் உட்கார்ந்து சாப்பிட்டே."

"ஆமாப்பா."

"உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லைடா." துண்டை ஓரமாக வைத்தார். "அவளுக்குக் காது கேக்காது."

பெரியவனுக்குச் சட்டென்று புரியவில்லை.

"மூணு வருஷமா. கொஞ்சம் கொஞ்சமா போச்சு. முகத்தைப் பார்த்துப் பேசினா உதட்டை வெச்சே புரிஞ்சுக்குவா. உன் சிநேகிதனுங்க வந்தா அவங்க மூஞ்சிலேர்ந்து கண்ணை எடுக்க மாட்டா, கவனிச்சிருக்கியா? போன்னாதான் ஒண்ணும் புரியாது. உடனே என் கையில கொடுத்துடுவா."

"எங்ககிட்ட ஏம்ப்பா சொல்லலை?"

"நீ மணியை மாட்டினியே அன்னிக்கு, பட்டனை அழுத்திக் காட்டினே. அவ கை தட்டினா. நீ சந்தோஷமா கிளம்பிப் போனே. நீ தெரு முனை தாண்டினதும் என்கிட்ட கேட்டா, 'அடிச்சுதாங்க?'ன்னு."

பெரியவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"சொல்லிடுவோம்டின்னேன். கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. 'பிள்ளை ஆசை ஆசையா செஞ்சது. அது எனக்கே கேக்கலைன்னு தெரிஞ்சா அவன் மனசு ஒடிஞ்சு போயிடும்'னா. சரி, எனக்குக் கேக்குதே, நான் பக்கத்துல இருக்கேனேன்னு நானும் விட்டுட்டேன். அன்னிக்கு ஒருநாள் முடி வெட்டப் போன இடத்துல வாயைப் பார்த்துக்கிட்டு அரை மணி நேரம் கூடுதலா உட்கார்ந்துட்டேன்." அப்பா மூக்கை உறிஞ்சினார். "அவ பேட்டரியைப் பத்திப் பேசினதே கிடையாது. அது நானா கட்டின கதை. பேட்டரி தீர்ந்திருந்தா அது என் மறதியோட போயிடும். தீராம இருந்துதுன்னா, மணி அடிச்சு அவ கேக்காம படுத்திருந்தான்னு ஆயிடுமே. அதை என்னால நினைக்க முடியலைடா."

கூட்டத்தில் நடந்ததையும், மாடிப்படியில் சின்னவள் சொன்னதையும் பெரியவன் ஒன்றுவிடாமல் சொன்னான். அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். கையில் செல்போன். முகம் வெளுத்திருந்தது.

"இது நீங்க கொடுத்ததா?"

கம்பெனியின் அறிக்கை. அரை மணி நேரத்துக்கு முன்னால் எல்லாச் செய்தித் தளங்களிலும் வந்திருக்கிறது. அம்மாவின் படம். அதன் கீழே: 'என் தாயின் வீட்டிலும் எங்கள் கருவி தன் கடமையைக் குறைவின்றிச் செய்தது. வாடிக்கையாளர் யாரும் அச்சப்படத் தேவையில்லை.' அடியில் பெரியவனின் பெயர், பதவி.

அப்பா போனை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நீ கொடுத்தியா?"

"இல்லைப்பா. மைக்... நான் படிக்கக்கூட இல்லை."

"கொடுக்காதேன்னு சொன்னியா?"

அப்பா போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

"எங்கேப்பா?"

"சின்னவ வீட்டுக்கு. அம்மா தன்மேல கோபமா இருந்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கா அந்தப் பொண்ணு. கோபம் இல்லை, காதுதான்னு போய்ச் சொல்லணும். அதுக்கு முன்னாடி இந்த அறிக்கையை அவ தனியா உட்கார்ந்து படிக்கக் கூடாது."

"நானும் வர்றேன்."

அப்பா வாசலில் நின்று திரும்பினார். அந்த முகத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வா. ஆனா நாளைக்குக் காலையில உன் கை எந்தப் பக்கம், இந்த அறிக்கையை என்ன பண்ணப் போறே, உங்க ஒன்பது பேர்ல யார் எந்திரிக்கப் போறீங்கன்னு அவ கேட்பா. பதிலோட வர்றதா இருந்தா வா. இல்லைன்னா நான் மட்டும் போய்க்கறேன்."

அவர் படியிறங்கத் தொடங்கினார். பெரியவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அறிக்கையைத் திரும்பப் பெறச் சொல்ல, மைக்கின் எண்ணைத் தேடி எடுத்தான். இருபத்திரண்டு வருஷ சிநேகிதம் ஒரு விரலின் கீழே இருந்தது.

கீழே தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எண்ணை அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக அவன் அப்பாவின் பின்னால் ஓடினான்.